வெள்ளைத் திட்டுக்காக ஒரு பல்லையே ராவ வேண்டுமா?

என் முன்பல்லில் சின்ன வயதிலிருந்தே ஒரு வெள்ளைத் திட்டு. கல்லூரி நாளில் காட்டப் போனபோது "கேப் போட்டுடலாம்" என்றார்கள், அதாவது பல்லுக்கு மேல் ஓர் உறை. நானும் சரி என்றேன். சொத்தையோ வலியோ இல்லாத பல்லைச் சுற்றிலும் ராவி, முளைக்குச்சி மாதிரி ஆக்கிவிட்டார்கள். இதுவரை இரண்டு முறை கேப் மாற்றியாயிற்று. ராவிய எனாமல், அதாவது பல்லின் கெட்டியான மேலோடு, திரும்ப வளராது. அதை உண்டாக்கும் செல்கள் பல் முளைக்கும்போதே போய்விடுகின்றன. இதை அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் அந்த நாற்காலியிலிருந்து எழுந்து வந்திருப்பேன்.

இப்போது மகளுக்குக் கம்பி கழற்றியதும், கிளிப் ஒட்டியிருந்த இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு நிறத்தில் திட்டுகள். எனக்குப் பகீரென்றது. ஆனால் இந்த மருத்துவர் அவசரப்படவில்லை. ஃபுளோரைடு தடவி, கரைந்த தாதுவை எச்சில் திரும்பச் சேர்க்கட்டும் என்று சில மாதம் காத்திருக்கச் சொன்னார். கொஞ்சம் மங்கியது. மீதிக்கு ரெசின் இன்ஃபில்ட்ரேஷன், அதாவது ரெசின் என்ற பிசினைத் திட்டுக்குள் ஊற விடுவது.

அந்த வெள்ளை மேலே படிந்த கறை அல்ல. உள்ளே தாது கரைந்து உண்டான நுண்துளைகளில் ஒளி சிதறுவதால் தெரிவது. ஒரு பொருளுக்குள் ஒளி எவ்வளவு வளையும் என்பதைச் சொல்லும் ஒளிவிலகல் எண் எனாமலுக்கு 1.62, நீருக்கு 1.33, காற்றுக்கு 1. எனாமலுக்கும் துளையில் இருப்பதற்கும் இந்த எண்ணில் வித்தியாசம் கூடினால் ஒளி அதிகம் சிதறும். அதனால்தான் பல் காய்ந்தால் திட்டு இன்னும் பளிச்சென்று தெரிகிறது. எண்ணெய் பட்ட காகிதம் ஒளி ஊடுருவுவது போல, எனாமலுக்கு நெருங்கிய எண் கொண்ட ரெசின் துளைகளை நிரப்பினால் வெள்ளை மறைகிறது.

ஊசி இல்லை, டிரில் இல்லை. ஈறு மேல் படாமல் ரப்பர் விரித்து, 15% ஹைட்ரோகுளோரிக் அமில ஜெல் இரண்டு நிமிடம். கழுவி, எத்தனால் சொட்டு விட்டார். "இப்ப பாருங்க" என்றார்; திட்டு கண்ணெதிரே கரைந்தது. எத்தனால் ஆவியானதும் திரும்பி வந்தது. ரெசின் போட்டால் எப்படி இருக்கும் என்பதற்கு அது முன்னோட்டமாம். அப்புறம்தான் ரெசின், ஒளி காட்டி இறுக்கினார்.

எல்லாத் திட்டுக்கும் இது பலிக்காது. சின்ன வயதில் ஃபுளோரைடு அதிகமாகப் போனதால் வரும் ஃபுளோரோசிஸின் பழுப்புக் கறைக்கு அமிலமும் பொடியும் கலந்து மேலாகத் தேய்க்கும் மைக்ரோஅப்ரேஷன், தேவைப்பட்டால் பிளீச்சிங். குழி விழுந்திருந்தால் காம்போசிட் என்ற பல் நிற அடைப்பு. பெரிதாக உடைந்த பல்லுக்குக் கேப் வேண்டியதுதான், அதை நான் மறுக்கவில்லை. என் கோபமெல்லாம் கடைசியில் வர வேண்டியது முதலில் வருவதில்தான். இதில் எவ்வளவு பல் போகும், அதற்கு முன்னால் வேறென்ன செய்து பார்க்கலாம் என்று வாய் திறந்து கேளுங்கள்.

மகளின் கோரைப்பல்லில் ஒரு திட்டு மட்டும் லேசாகத் தெரிகிறது. "இது இருந்துட்டுப் போகட்டும்மா" என்றாள். விட்டுவிட்டோம்.