டாப்சிலிப்பில் அவசரம் வேண்டாம்

ஆனைமலைக் காட்டிலுள்ள டாப்சிலிப்பின் இயற்கை விளக்க மையத்தைப் பத்தே நிமிடத்தில் பார்த்துவிடலாம் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. கருமந்திக்கும் சிங்கவால் குரங்குக்கும் என்ன வித்தியாசம் என்று மகள் கேட்டாள். நான் விழித்தேன். முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வால் நுனியில் குஞ்சம் இருந்தால் சிங்கவால் என்று எடுத்துக்கொடுத்தவர் என் அப்பா! வெட்டிய தேக்கு மரங்களை இந்த உச்சியிலிருந்து சரிவில் நழுவவிட்டதால்தான் ஊருக்கு இந்தப் பெயர் வந்தது என்பதையும் அவரே சொன்னார்.

ஆனால் ஆங்கிலேயர் கால வன அதிகாரி ஹியூகோ வுட்டின் கல்லறை இங்கேதான் இருக்கிறது; அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே? மொட்டையாகிக் கிடந்த காட்டில் கைத்தடியால் குழி போட்டுத் தேக்கு விதை ஊன்றிக்கொண்டே நடந்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். 1933இல் இறந்தார். 'நினைவுச்சின்னத்தைத் தேடினால் சுற்றிலும் பாருங்கள்' என்ற பொருளில் கல்லறையில் லத்தீன் வாசகம் ஒன்று உண்டு. நாங்கள் சுற்றிலும் பார்த்தோம். தேக்குதான், அண்ணாந்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில். அடுத்த நிமிடமே மகள், "யானை முகாமுக்கு எப்போது போவோம்?" என்று ஆரம்பித்துவிட்டாள்.