அந்தப் படத்தை ஏன் அழிக்க வைத்தீர்கள்?

முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலன்று தங்கச்சி சேலை கட்டிப் போட்ட படத்துக்குக் கீழே, அவளுடைய உடம்பையும் நிறத்தையும் பகிடி பண்ணி எழுதினீர்கள். "சேலைக்கு எத்தனை முழம்" என்று கேட்டவரை நாங்கள் ஊரில் அண்ணா என்றுதான் கூப்பிடுகிறோம். இரவே அவள் படத்தை எடுத்துவிட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்று சேலைக் கொய்யகத்தை, அந்த மடிப்பை, மூன்று தரம் அவிழ்த்துக் கட்டினாள். நான்தான் ஊசி குத்திவிட்டேன். "அக்கா, ஷெல் பட்ட தழும்பு தெரியுதா?" என்று கேட்டாள். தெரியுது, இருக்கட்டும் என்றேன். 2009 சண்டைக்குப் பிறகு முழுக்கைச் சட்டையை விடாத பிள்ளை, அன்றுதான் கை தெரிய நின்றாள். அது அவளுடைய உடம்பு. அவளுடைய படம்.

"அக்கறையில் சொன்னோம், சுகர் வரும்" என்கிறீர்கள். அக்கறை என்றால் வீட்டுக்கு வந்து சொல்லுங்கோ. ஊரே பார்க்கிற இடத்தில் சிரிப்புப் பொம்மை போட்டுச் சொல்வது அக்கறை இல்லை. பொதுவில் போட்டால் கருத்து வரும்தான். சரி, சேலை வடிவில்லை என்று சொல்லுங்கோ. அவளுடைய உடம்பைப் பற்றி யாரும் உங்களிடம் கேட்கவில்லை.

"பில்ரர் போட்டு வெள்ளையாக்கியிருக்கலாமே" என்று ஒரு அக்காவும் எழுதியிருந்தா. வெள்ளையாக்கும் என்று கிறீம் விற்கிற கொம்பனியே 2020இல் 'ஃபெயார்' (வெள்ளை நிறம்) என்ற சொல்லைப் பெயரிலிருந்து எடுத்துவிட்டது. நாங்கள் இன்னும் விடவில்லை.

எங்கள் அம்மா கமெராவைக் கண்டால் குசினிக்குள் போய்விடுவா. "நான் கறுப்பு, உடம்பும் வைச்சிட்டுது, எனக்கு என்னத்துக்குப் படம்?" என்பா. இருந்த இரண்டு அல்பமும் விசுவமடுவில் விட்ட வீட்டோடு போயிற்று. அதே சண்டையில் மாத்தளனில் அம்மாவும் செத்துப்போனா. இன்று சுவரில் இருப்பது அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியது. கண் இரண்டும் கலங்கல். ஸ்ரூடியோக்காரர் நாங்கள் கேட்காமலே முகத்தை வெள்ளையாக்கித் தந்தார். மூக்குக்குப் பக்கத்தில் இருந்த மச்சத்தைக் காணவில்லை. அம்மா என்ன நிறம் என்று தங்கச்சி என்னிடம்தான் கேட்கிறாள்.

உங்களுக்கு அது ஒரு பகிடி. எங்கள் வீட்டில் அம்மாவுக்கு ஒரு நல்ல படம் இல்லாமல் போனது இப்படியான பகிடிகளாலும்தான்.

படம் என் போனில் இருக்கிறது. போடட்டா என்று இன்று காலை அவளிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "போடு அக்கா. கையை வெட்டாமல் போடு" என்றாள்.

கீழே போட்டிருக்கிறேன்.