கடன்காரக் கோமகனின் மகன்

பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் பெயர் தந்த மதராஸ் கவர்னர், மூன்றாம் பக்கிங்ஹாம் கோமகனைப் பற்றி நம்மிடம் இரண்டு கட்சி உண்டு. தாது வருஷப் பஞ்சத்தில் வேலை கொடுத்த புண்ணியவான் என்பது ஒன்று, ஜனங்களைச் சாகவிட்ட வெள்ளைக்காரன் என்பது இன்னொன்று. நான் எந்தக் கட்சியும் இல்லை. அவரைப் பேசுவதென்றால் அவருடைய அப்பனிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்பன், இரண்டாம் பக்கிங்ஹாம் கோமகன், இங்கிலாந்தின் பெருநிலக்காரர்களில் ஒருவர். 1845இல் விக்டோரியா ராணியையே ஸ்டோ மாளிகைக்கு அழைத்து விருந்து வைத்தார். வைத்ததெல்லாம் கடன் காசில். அதற்கு முந்தைய வருஷம்தான், 21 வயது நிரம்பிய மகனிடம் கையெழுத்து வாங்கி, பரம்பரைச் சொத்தைத் தொடவிடாமல் தடுத்த சட்டக் கட்டை உடைத்திருந்தார். கடன் பத்து லட்சம் பவுனைத் தாண்டியது. 1848இல் மாளிகைச் சாமான்களை 40 நாள் ஏலம் விட்டார்கள். தேறியது சுமார் 75,000 பவுன். யானைப் பசிக்குச் சோளப்பொரி.

மகன் வேலைக்குப் போனார்! அந்தக் குடும்பத்துக்கு அது புதிது. 1853 முதல் 1861 வரை லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வேயின் தலைவர். பிறகு குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சர். 1871இல் தன் பண்ணைச் சரக்குக்காகத் தன் நிலத்திலேயே தண்டவாளம் போட்டு, குதிரையைப் பூட்டி வண்டி ஓட்டினார். இப்படிக் கணக்குப் பார்க்கும் ஆள்தான் 1875இல் மதராஸ் கவர்னராக வந்து இறங்குகிறார்.

அடுத்த வருஷம் மழை பொய்த்தது. மதராஸ் அரசு சத்தமில்லாமல் சுமார் 30,000 டன் தானியம் வாங்கியது. சந்தையில் அரசு கைவைக்கக் கூடாது என்ற கொள்கையில் ஊறிய வைஸ்ராய் லிட்டனுக்கு அது பொறுக்கவில்லை. பஞ்ச நிவாரணச் செலவைக் கட்டுப்படுத்த, தன் தூதராக ரிச்சர்ட் டெம்பிளை அனுப்பினார். நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு நாளுக்கு ஒரு ராத்தல் (சுமார் 450 கிராம்) தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்றார் டெம்பிள். மதராஸின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், அதில் உடம்பு நிற்காது என்று மல்லுக்கட்டினார். மதராஸ் அரசு அவர் பக்கம் சாய்ந்து, சில மாதங்களில் படியை உயர்த்தியது. 1877 ஆகஸ்டில் கோமகனே இங்கிலாந்து மக்களிடம் நன்கொடை கேட்டார்.

இவ்வளவும் அவர் கணக்கில் வரவுதான். ஆனால் லிட்டனோடு அவர் போட்ட சண்டை கோப்புக்குள்ளேயே நின்றுவிட்டது. ராஜினாமா என்ற ஆயுதம் கையில் இருந்தது, எடுக்கவில்லை. கொள்கை தப்பு என்று தெரிந்தும் 1880 வரை நாற்காலியில் இருந்தார். நல்ல நிர்வாகி, அவ்வளவே. லிட்டனையும் இவரையும் ஒரே தட்டில் வைப்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். அடையாறையும் கூவத்தையும் இணைக்கப் பஞ்சக் கூலிகள் வெட்டிய கால்வாய்க்கு 1878இல் இவர் பெயரை வைத்ததையும் ஏற்கமாட்டேன்.

‘வெள்ளையனுக்கு வக்காலத்தா?’ என்று கிளம்புகிறவர்கள், அந்த ஒரு ராத்தல் யார் போட்ட உத்தரவு என்று பார்த்துவிட்டு வந்து திட்டுங்கள்.