கூப்பனை ஃபார்வர்டு செய்வதும் ஜாமீன் கையெழுத்துதான்

போன வாரம் ஒரு காலை, கடை வாசல் தெளித்துக்கூட முடிக்கவில்லை. பக்கத்துத் தெரு அக்கா போனை நீட்டிக்கொண்டே வந்தார். "ஏனுங்க தம்பி, இந்தக் கூப்பன் உங்க கடையில செல்லுமுங்களா?" பெரிய சூப்பர் மார்க்கெட் ஒன்றின் படம், ஆண்டு விழா, 2,000 ரூபாய்க்கு மளிகை இலவசம், கீழே ஒரு லிங்க். இதை யாருங்க அனுப்பினது என்று கேட்டேன். "உங்க அத்தைதானுங்க. அவங்க அனுப்பினா பொய்யா இருக்காதுன்னுதான் காட்டுறேன்."

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் இந்தப் பதிவு.

கோபியில் சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்து 18 வருசம் ஆகிறது. கூப்பன் எனக்குப் புதிதல்ல. முன்பெல்லாம் டீத்தூள் பாக்கெட்டுக்குள் சின்னக் கூப்பன் வரும். ஜனங்கள் சேர்த்து வைத்துக் கொண்டுவந்து கொடுத்து அடுத்த பாக்கெட்டில் விலை குறைத்து வாங்கிப் போவார்கள். நான் அதையெல்லாம் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்து, ஏஜென்சிக்காரர் வரும்போது எண்ணிக் கொடுப்பேன். அவர் அடுத்த பில்லில் கழிப்பார். பாதி கிழிந்திருந்தால் வாங்க மாட்டார், தேதி தாண்டியிருந்தாலும் வாங்க மாட்டார். ஏன் இவ்வளவு கறார்? கம்பெனியிடம் அவர் கணக்குக் காட்ட வேண்டும். நிஜக் கூப்பன் எதுவானாலும் அதன் பின்னால் காசு கொடுக்கிற ஒருத்தர் இருப்பார். அதனால்தான் அதில் நிபந்தனை இருக்கும்: இன்ன தேதி வரை, இந்தப் பொருளுக்கு, 1,500 ரூபாய்க்கு மேல் வாங்கினால், ஒரு பில்லுக்கு ஒன்று. தள்ளுபடி பில்லில்தான் விழும். அதற்கு முன்னால் உங்களிடம் ஒரு ரூபாய்கூடக் கேட்க மாட்டார்கள்.

துவரம்பருப்பில் கிலோவுக்கு ரெண்டு மூணு ரூபாய் நின்றாலே எனக்குச் சந்தோசம். பெரிய கடைக்குக் கொஞ்சம் கூட நிற்கலாம். அதற்காக, கேட்ட ஆளுக்கெல்லாம் 2,000 ரூபாய் மளிகையை யாரும் சும்மா தூக்கிக் கொடுக்க முடியாது. இந்தக் காசை யார் தருகிறார்கள் என்று ஒரு நிமிசம் யோசித்தாலே பாதிப் பொய் உதிர்ந்துவிடும்.

மதியம் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு அத்தை வீட்டுக்குப் போனேன். முகமே சரியில்லை. போனை வாங்கிப் பார்த்தேன். லிங்கைத் தொட்டால் நாலு கேள்வி. எங்கள் கடையைத் தெரியுமா, வயது என்ன, இப்படி. எதைச் சொன்னாலும் அடுத்த பக்கம் வருகிறது. அப்புறம் வரிசையாகப் பரிசுப் பெட்டிகள். அத்தை முதலில் தொட்டது காலி, இரண்டாவதில் பரிசு. அதே போனில் நானும் இன்னொரு தடவை வேறு பெட்டிகளைத் தொட்டேன். முதலாவது காலி, இரண்டாவதில் பரிசு. இன்னும் 47 கூப்பன்தான் மிச்சம் என்று மேலே ஓடிக்கொண்டிருந்தது. மூடித் திறந்தால் மறுபடி 47. கீழே "எனக்குக் கிடைத்தது, நன்றி" என்று பத்துப் பேர் எழுதியிருந்தார்கள். ஒரு பெயரைத் தொட்டாலும் திறக்கவில்லை. எல்லாம் வெறும் படம்.

அடுத்து, வாட்ஸப்பில் 5 குரூப்புக்கு அனுப்பச் சொன்னது. அத்தை அனுப்பிவிட்டார். பிறகு ஒரு சுரண்டல் அட்டை. விரலால் சுரண்டினால் 1,999 ரூபாய். "வங்கிக் கணக்கில் பெற இங்கே தொடவும்." தொட்டதும் பணம் அனுப்புகிற ஆப் தானாகத் திறந்து, யாரோ ஒருவர் பெயரும் 1,999-ம் தயாராக நின்றிருக்கிறது. அத்தை தன் ரகசிய பின் (PIN) நம்பரைப் போட்டிருக்கிறார். பணம் போய்விட்டது.

அந்தத் திரையில் பணம் செலுத்து என்றுதான் எழுதியிருந்தது, ஆங்கிலத்தில். எட்டாவது வரை தமிழில் படித்த அத்தைக்கு அது வெறும் நீலப் பட்டன். இதில் எனக்கு என்மேலேயே கோபம். அந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்தவன் நான்தான். கூகுள் பே, போன்பே ரெண்டிலும் மொழியைத் தமிழுக்கு மாற்றலாம், ரெண்டு நிமிச வேலை. இன்றைக்கே உங்கள் அம்மா, அமுச்சி, மாமியார் போனை வாங்கி மாற்றிக் கொடுங்கள். கணக்கில் இருப்புப் பார்க்கும்போது தவிர, பின் நம்பர் கேட்டால் நம் காசு வெளியே போகப் போகிறது என்று அர்த்தம், காசு உள்ளே வர அது வேண்டியதில்லை என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். கியூஆர் ஸ்கேன் செய்வதும் அப்படித்தான், அது பணம் கொடுக்க.

லிங்கையும் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். தபால் முகவரியில் ஊர்ப் பெயர் கடைசியில் வருகிற மாதிரிதான் இதுவும். முதல் ஒற்றைச் சாய்கோடு எங்கே வருகிறது என்று பாருங்கள். அதற்குச் சற்று முன்னால் இருக்கும் பெயர்தான் சொந்தக்காரர். கடைப் பெயர் முன்னால் எங்கேயோ வந்து, கடைசியில் சம்பந்தமில்லாத ஏதோ ஒன்று டாட் எக்ஸ்ஒய்இசட் என்று முடிந்தால் அது அந்தக் கடையின் இடமே இல்லை. பூட்டுப் படம் இருக்கிறதே என்பார்கள். போலிக்காரனும் அதே பூட்டைப் போட்டுக்கொள்ளலாம். சந்தேகம் வந்தால் லிங்கை விட்டுவிட்டு அந்தக் கடையின் கவுன்டரிலேயே கேளுங்கள்.

இதே தினுசில் இன்னும் சில உண்டு. திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம் வாங்கி வரும்போது பனியன் கம்பெனி வாசலில் 100 ரூபாய்க்குக் கூப்பன் புக்கு விற்பார்கள். அதில் கடை முகவரி இருந்தால், வாங்கும் முன் அந்தக் கடைக்கு ஒரு போன் போடுங்கள். பொங்கல் சமயத்தில் ரேஷன் பரிசுக்கு லிங்க் வரும். டோக்கனை ரேஷன் கடை ஆட்கள் கையில்தான் கொடுப்பார்கள், அதற்குக் காசும் வாங்க மாட்டார்கள். சந்தேகம் இருந்தால் ரேஷன் உதவி எண் 1967-க்குப் போன் போட்டுக் கேட்கலாம். ஏபிகே (.apk) என்று முடிகிற ஃபைல், அதாவது போனில் ஆப்பை ஏற்றுகிற ஃைபல், வாட்ஸப்பில் வந்தால் தொடவே வேண்டாம். அதை உள்ளே விட்டால் உங்களுக்கு வரும் ஓடிபியை அவன் படிப்பான்.

சரி, அந்த அக்கா சொன்னதற்கு வருகிறேன். நம் பக்கம் ஜாமீன் கையெழுத்து என்றால் எவ்வளவு யோசிப்போம்! சொந்த மச்சானுக்கே ரெண்டு நாள் தள்ளிப்போட்டுத்தான் போடுவோம். ஆனால் ஒரு கூப்பனை 5 குரூப்புக்கு அனுப்பக் கை கூசுவதில்லை. 2012-இல் பெருந்துறைப் பக்கம், ஈமு கோழி வளர்ப்பில் பணம் போட்டால் மாசாமாசம் காசு வரும் என்ற திட்டத்தில் எத்தனை குடும்பம் பணத்தை விட்டது என்பது நமக்குத் தெரியும். விளம்பரம் மட்டுமா காரணம்? "எங்க மாமன் போட்டிருக்காரு, மாசாமாசம் வருது" என்ற பேச்சை நம்பித்தான் பலர் போட்டார்கள். அந்த லிங்கில் இருந்த சூப்பர் மார்க்கெட்டுக்கு இதில் சம்பந்தமே இல்லை, அனுப்பியவன் யாரென்றும் தெரியாது. பக்கத்துத் தெரு அக்கா நம்பியது என் அத்தையை. அந்தக் கூப்பனில் நிஜமாக இருந்த ஒரே பெயர் அத்தை பெயர்தான்.

அதற்காக ஏமாந்தவர்களைத் திட்டாதீர்கள். இதை மனசாரக் கேட்டுக்கொள்கிறேன். அத்தைக்குக் காலை ஏழு மணிக்குப் பணம் போயிருக்கிறது. மாமா வைவார் என்று மதியம் வரை யாரிடமும் சொல்லவில்லை. உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழைத்திருந்தால், போன பணம் அவன் எடுக்கும் முன் அந்தக் கணக்கிலேயே நிறுத்திவைக்க வழி இருந்திருக்கும். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். நான் போன பிறகுதான் அழைத்தோம். ஆப்பில் இருக்கும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் கேட்டு வாங்கிப் பதிவு செய்தார்கள். பணம் இன்னும் வரவில்லை.

குரூப்பில் நானே எழுதிப் போட்டுவிடட்டுமா என்று கேட்டேன். "நா அனுப்புனத நாந்தான் சொல்லோணும் சாமி" என்றார். 5 குரூப்பிலும் அவர் குரலிலேயே போட்டார்: "காத்தால நா அனுப்புன கூப்பன் பொய்யிங்க. யாரும் தொடாதீங்க. எனக்கு 1,999 ரூபா போயிருச்சுங்க."

சாயங்காலத்துக்குள் மூன்று பேர் அத்தையைத் தனியாகக் கூப்பிட்டார்கள். மூன்று பேருக்கும் இதே மாதிரி போயிருக்கிறது. ஒருவருக்குப் போன தீபாவளிக்கு முன்னால். இதுவரை வீட்டில் யாருக்கும் தெரியாதாம்.