புரோபயாட்டிக் பொடி வயிற்றுப்போக்கை ஒரே நாளில் நிறுத்துமா?
“குழந்தைக்கு வயிற்றுப்போக்கா? புரோபயாட்டிக் பொடி கொடுங்கள், ஒரே நாளில் நின்றுவிடும்” என்ற தகவல் வாட்ஸ்அப்பில் பகிரப்படுகிறது. இது தவறு. புரோபயாட்டிக் என்பது குடலுக்கு நன்மை செய்யும் எனக் கருதப்படும் உயிருள்ள நுண்ணுயிர்கள்.

பழைய சிறிய ஆய்வுகள் சில இந்த நம்பிக்கையை வளர்த்தது உண்மைதான். ஆனால் 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 971 குழந்தைகள் பங்கேற்றனர். லாக்டோபேசில்லஸ் ஜிஜி என்ற புரோபயாட்டிக் நுண்ணுயிரைப் பெற்றவர்களுக்குப் பேதி ஏறக்குறைய 49.7 மணி நேரம் நீடித்தது. ஒப்பிடுவதற்காக, மருந்துப்பொருள் இல்லாத போலி மருந்து (பிளாசிபோ) பெற்றவர்களுக்கு 50.9 மணி நேரம். இதற்கா இத்தனை விலை! அதே ஆண்டில் கனடாவில் 886 குழந்தைகளிடம் வேறு இரு நுண்ணுயிர்களைச் சேர்த்துச் சோதித்தும் பலனில்லை.

உண்மையான ஆபத்து நீரிழப்பு. ஓ.ஆர்.எஸ். கரைசலை அடிக்கடி சிறிது சிறிதாகக் கொடுங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். துத்தநாக மருந்தை 10 முதல் 14 நாள் கொடுக்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது; அளவை மருத்துவர் சொல்வார். மலத்தில் ரத்தம், குழிந்த கண்கள், சிறுநீர் குறைவு தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.