பின்புறத் தாங்கியில் ஸ்கூட்டர்: எடைக் கணக்கு விடுபட்டுள்ளது

கேரவன் வண்டியின் பின்னால் இரும்புத் தாங்கி பொருத்தி ஸ்கூட்டரை ஏற்றிக்கொண்டால், கானாடுகாத்தானில் வண்டியை நிறுத்திவிட்டு ஆத்தங்குடிக்கும் பிள்ளையார்பட்டிக்கும் எளிதாகப் போய்வரலாம் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது நல்ல யோசனைதான். ஆனால் "ஸ்கூட்டரின் எடை 110 கிலோதானே" என்று அவர் கடந்துவிடுவதை ஏற்க இயலவில்லை.

முன், பின் அச்சுகளுக்கு இடையே 4 மீட்டர் தூரமுள்ள வண்டியில், பின் அச்சிலிருந்து 2 மீட்டர் தள்ளி அந்த எடை தொங்கினால், நெம்புகோல் போல முன்பக்கத்தைத் தூக்குவதால் பின் அச்சின் மீது 165 கிலோ கூடும். முன் அச்சிலோ 55 கிலோ குறையும். தாங்கியின் எடை இதில் சேரவில்லை. முன் சக்கரங்களின் பிடிமானம் குறையக் குறைய, ஸ்டியரிங்கும் பிரேக்கும் சொன்னபடி கேட்பதில்லை.

காரைக்குடியில் என் உறவினர் வண்டியில் ஸ்கூட்டரை நடு ஸ்டாண்டில் நிறுத்திக் கட்டியிருந்தார்கள். தேவகோட்டை போய்த் திரும்புவதற்குள் ஸ்டாண்டின் கால் தாங்கியின் தகட்டைச் சுரண்டியிருந்தது. ஸ்கூட்டரைக் கட்டியிருந்த பட்டை கூர்மையான விளிம்பில் உரசி, பாதி இழைகள் அறுந்து பஞ்சாய்த் தொங்கியது. பின்னால் யாராவது பைக்கில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது. ஸ்டாண்டை எடுத்துவிட்டு, முன் சக்கரத்தைத் தடுப்பில் பொருத்தி, முன் சஸ்பென்ஷன் பாதியளவு அமுங்கும்படி நான்கு பக்கமும் ராட்செட் பட்டைகளால் (பிடியை அசைத்து இறுக்கும் பட்டைகள்) இழுத்துக் கட்டுவதே முறை. முழுவதுமாக அமுக்கினால், சஸ்பென்ஷனில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல் கெடக்கூடும்.

நம்பர் பிளேட்டும் பின்விளக்குகளும் மறையக் கூடாது. தாங்கியை வெல்டிங் செய்யும் முன், பதிவுச் சான்றிதழில் உள்ள அச்சு எடை வரம்பைப் பார்த்து, பொருட்களும் ஆட்களும் ஏறிய நிலையில் எடைமேடையில் பின் அச்சை மட்டும் தனியே நிறுத்தி எடை போடுங்கள்.