‘ஒத்துழைக்க மறுக்கிறார்’

கேஸ் ஷீட்டில் நான் அதிகம் எழுதிய வரி எது என்று கேட்டால், இதுதான். குடிநோய் சிகிச்சையில் ஆலோசகராகச் சேர்ந்த முதல் சில வருடங்கள் இப்படியே எழுதித் தள்ளினேன். இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது. எதற்கு மறுத்தார், அதற்கு முந்தைய நிமிடம் நான் என்ன சொன்னேன், எதுவும் அந்த வரியில் இல்லை.

ஒருவரை மறக்க முடியவில்லை. மனைவி அழைத்து வந்திருந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து பைக் சாவியை உருட்டிக்கொண்டே, “குடி கொஞ்சம் கூடிப்போச்சு, எனக்கே தெரியுது” என்றார். இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்குமா? நானோ ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை விரித்து, கல்லீரல் எந்த நிலைமையில் இருக்கிறது, இப்படியே போனால் என்ன ஆகும் என்று ஆரம்பித்துவிட்டேன். ஐந்தாவது நிமிடம், “என் கூட வேலை பார்க்கிறவங்க என்னைவிட அதிகம் குடிக்கிறாங்க சார்.” பத்தாவது நிமிடம், “நான் ஒண்ணும் குடிகாரன் இல்லை.” உருட்டிக்கொண்டிருந்த சாவி கைக்குள் இறுகிவிட்டது. தானாக ஒப்புக்கொண்டு வந்த மனிதரைப் பத்தே நிமிடத்தில் குடிக்கு வக்கீலாக்கி அனுப்பினேன். அன்றைக்கும் அதே வரியைத்தான் எழுதினேன்.

விடணும் என்பதும் அவர் மனசுதான், முடியாது என்பதும் அவர் மனசுதான். ‘விடு’ என்ற பக்கம் முழுவதையும் நாம் பேசித் தீர்த்துவிட்டால், அவருக்கு மிஞ்சுவது மறுபக்கம் மட்டுமே. மதில் மேல் பூனை என்று கேலி செய்கிறோம். பூனை இறங்க வேண்டிய பக்கம் அதற்கு எப்படித் தெரிகிறது என்று பார்ப்பதில்லை. குடிதான் சிலருக்குத் தூக்கம். சிலருக்கு அந்த ஒரு மணி நேரத்தில்தான் வாய் திறந்து பேச வரும். வருடக்கணக்காக அதிகம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி பேதலித்து இல்லாதவை கண்ணுக்குத் தெரியலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் அதை ஒருமுறை பட்டவர் மறுபடி தயங்கினால், அதைப் பிடிவாதம் என்று எப்படிச் சொல்வது?

நாம் ‘விடு’ என்று வாதாடினால் அவர் மறுபக்கம் வாதாடுவார் என்பது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் 1983இலேயே இதை எழுதிவிட்டார். 1993இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், ஆலோசகர் எவ்வளவுக்கெவ்வளவு மோதலாகப் பேசினாரோ, அவ்வளவுக்கவ்வளவு அந்த நபர் ஒரு வருடம் கழித்து அதிகம் குடித்திருந்தார். அதிகம் குடிப்பவரிடம்தானே ஆலோசகர் அதிகம் மோதியிருப்பார் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அப்புறம் என் பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டினேன், வாயை மூடிக்கொண்டேன். மில்லரும், அவரோடு சேர்ந்து எழுதிய உளவியலாளர் ஸ்டீபன் ரோல்னிக்கும் ‘மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்’ என்ற தங்கள் நூலின் 2013 பதிப்பில் ‘எதிர்ப்பு’ என்ற கருத்தையே கைவிட்டு, அதை இரண்டாகப் பிரித்தார்கள். பழைய நிலையே தொடரட்டும் என்ற பேச்சு ஒன்று. ஆலோசகரோடு வரும் உரசல் இன்னொன்று. முதலாவது இருமனத்தின் இயல்பான பாதி. இரண்டாவதில் நமக்கும் பங்கு உண்டு.

நடைமுறையில் எனக்கு மிகவும் கைகொடுத்தது ஒரு சின்னக் கேள்வி. விடுவது எவ்வளவு முக்கியம், 0 முதல் 10 வரை ஒரு எண் சொல்லுங்கள் என்பேன். “நாலு” என்பார். “ஏன் எட்டு இல்லை?” என்று கேட்டால் குடிக்கான காரணங்களை அடுக்குவார். “ஏன் நாலு? ஒண்ணுன்னு சொல்லலையே?” என்று கேட்டால் ஒரு கணம் முழிப்பார். பிறகு விடுவதற்கான காரணத்தை அவரே சொல்லத் தொடங்குவார், தன் வாயால், தன் வார்த்தையில்.

“அப்போ தட்டிக்கொடுத்துக்கிட்டே இருக்கணுமா?” என்று ஒரு மனைவி என்னிடம் கோபமாகக் கேட்டார். நியாயமான கோபம். அடியும் கடனும் தாங்கியவரிடம் பொறுமை கேட்க எனக்கு உரிமை இல்லை. அவர் ஒதுங்கிக்கொள்ளலாம், கதவைச் சாத்தலாம். பொறுமையாக இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

இப்போது கேஸ் ஷீட்டில் அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். போன வாரம் எழுதியது: ‘விடணும்னு இருக்கு. ராத்திரியை நினைச்சாதான் பயமா இருக்கு.’ அடுத்த முறை அவர் வந்தபோது குடியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ராத்திரியைப் பற்றிக் கேட்டேன். முக்கால் மணி நேரம் பேசினார்.